சர்வரில் 42 ஜிபி எங்கே போனது? வில்லுப்பாட்டுப் பதிவுகள் இருக்கின்றன, எதையும் அழிக்கப் பயமாக இருக்கிறது

வேளிமலை_அடிவாரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் சிலர் சேர்ந்து பழைய வில்லுப்பாட்டு கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி வருகிறோம். கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் கோவில் கொடை விழாக்களில் வீட்டு டேப் ரிக்கார்டரை வைத்துப் பிடித்தவை. ஒரு கொடையில் விடிய விடியப் பாடியிருப்பார்கள், அதுவே பல கேசட் வரும். கேசட்டைத் தந்தவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், ஆகவே பல பதிவுகளுக்கு எங்களிடம் இருக்கும் கோப்புதான் மிச்சம்.

இதற்காக மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் வாடகை சர்வர்) எடுத்திருக்கிறோம். உபுண்டு 22.04, 2 கோர், 4 ஜிபி ராம், 80 ஜிபி ரூட் டிஸ்க் (சிஸ்டம் இருக்கும் முதன்மை டிஸ்க்). அது போக 200 ஜிபி வால்யூம் (கூடுதல் டிஸ்க்) ஒன்று தனியாக வாங்கி /எஸ்ஆர்வி/ஒலி என்ற ஃபோல்டரில் மவுண்ட் செய்திருக்கிறது, அதாவது அந்த ஃபோல்டரைத் திறந்தால் அந்த டிஸ்க்தான் தெரியும். ஒலிக்கோப்புகள் எல்லாம் அந்த வால்யூமில், சைட்டும் மரியாடிபி டேட்டாபேஸும் ரூட் டிஸ்கில். எல்லாம் ஒரு கல்லூரி மாணவர் அமைத்துத் தந்தது. அவர் இப்போது பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார், எப்போதாவது போனில் கிடைப்பார். லினக்ஸில் எனக்குத் தெரிந்தது எஸ்எஸ்எச் வழியாக (தூரத்திலிருந்தே) சர்வருக்கு உள்ளே போய் நாலைந்து கமாண்ட் அடிப்பது வரைதான்.

பிரச்சினை இதுதான். ரூட் டிஸ்க் நிரம்பிவிட்டது. டிஸ்கில் எவ்வளவு இடம் என்று காட்டும் டிஎஃப் -எச் அடித்தால் மொத்தம் 79 ஜிபி, பயன்பாடு 75 ஜிபி, மிச்சம் 0 என்கிறது. 79-இல் 75 போனால் 4 அல்லவா இருக்க வேண்டும்? அது முதல் குழப்பம். இரண்டாவது இன்னும் பெரியது. ரூட்டில் டியூ (ஃபோல்டரின் அளவைச் சொல்லும் கமாண்ட்) அடித்து ஒவ்வொரு ஃபோல்டராகக் கூட்டினால் 33 ஜிபிதான் வருகிறது (வால்யூமைச் சேர்க்காமல், -எக்ஸ் கொடுத்துப் பார்த்தேன்). அப்படியானால் 42 ஜிபி எங்கே? தேடித் தேடி தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

இதோடு சம்பந்தம் உண்டா தெரியாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சில பதிவுகளின் பக்கம் திறக்கிறது, பாடியவர் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் வருகிறது, ஆனால் ஒலி ஓடவில்லை. எல்லாப் பதிவுக்கும் இல்லை, சிலவற்றுக்கு மட்டும்.

வாடகைக் கம்பெனியில் கேட்டால் 160 ஜிபி பிளானுக்கு மாறுங்கள் என்கிறார்கள். மாத வாடகை இரட்டிப்பாகும், எங்கள் வட்டத்தின் சந்தாவுக்கு அது பெரிய சுமை. மாறத்தான் வேண்டுமா? மாறாமல் சரிசெய்ய வழி உண்டா?


குழித்துறை_ஆற்றோரம் எழுதியது:

முதலில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். எதையும் அழிக்க வேண்டாம், பிளானையும் மாற்ற வேண்டாம். 42 ஜிபி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டிஸ்கைப் பெரிதாக்கினால், தின்றுகொண்டிருப்பது எதுவோ அது அந்த இடத்தையும் தின்னும். அதுமட்டுமில்லை, பல கம்பெனிகளில் டிஸ்கைக் கூட்டலாம், அப்புறம் குறைக்க விடமாட்டார்கள். ஏறிய வாடகை ஏறியதுதான்.

உங்கள் முதல் குழப்பத்துக்கு விடை எளிது. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை (டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை), உருவாக்கும்போதே 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று (நிர்வாகிக்கென்று) ஒதுக்கி வைத்துவிடும். 79-இல் 5 சதவீதம் ஏறத்தாழ 4 ஜிபி. மற்றவர்கள் முழுசாக நிரப்பிவிட்டாலும் லாக் (நிரல்கள் தாமே எழுதும் குறிப்பேடு) எழுதவும், ரூட் உள்ளே வந்து சரிசெய்யவும் கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்பதற்காக. அதைத் தொட வேண்டாம், இப்போது நீங்கள் உள்ளே போக முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது குழப்பத்துக்கு, டிஎஃப்பும் டியூவும் எண்ணுகிற விதமே வேறு. டிஎஃப் கோப்பு முறைமையிடமே எத்தனை பிளாக் (டிஸ்க் துண்டு) போயிருக்கிறது என்று கேட்கும். டியூ ஒவ்வொரு ஃபோல்டராக நடந்து போய் கண்ணில் படுகிற கோப்புகளைக் கூட்டும். கண்ணில் படாத கோப்பு இருந்தால் டியூவுக்குத் தெரியாது. அப்படிக் கண்ணில் படாமல் இருக்க முக்கியமான காரணம், அழித்த கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருப்பது. ஆர்எம் என்ற அழிக்கும் கமாண்டைக் கொடுத்தால் பெயர்தான் போகும், திறந்து வைத்திருக்கிற நிரல் மூடும் வரை இடம் திரும்ப வராது.

பார்க்கிற வழி: எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று ரூட்டாக அடியுங்கள், எல் பெரிய எழுத்து. பெயர் இல்லாமல் திறந்திருக்கும் கோப்புகளை மட்டும் அளவோடு காட்டும். கூடவே டிஎஃப் -ஐ அடித்து ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று செலவாகும் விவரக் குறிப்பு) எவ்வளவு போயிருக்கிறது என்றும், ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ் அடித்து சிஸ்டம் லாக் எவ்வளவு என்றும் பாருங்கள். மூன்றின் விடையையும் இங்கே போடுங்கள்.

இன்னொன்று. அந்த வால்யூம் எப்போதாவது கழன்றதா? சர்வர் ரீபூட் ஆனது ஏதும் நினைவிருக்கிறதா? யோசித்துச் சொல்லுங்கள்.


திங்கள்சந்தை_கடை எழுதியது:

மக்கா, நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நாலு பேர் சந்தா போட்டு நடத்துகிற வேலையில் லினக்ஸ் தெரிந்த ஆள் இல்லை என்றால், பேசாமல் ஒலிக்கோப்புகளை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (இணையத்தில் கோப்பு வைக்கும் வாடகை இடம்) போட்டுவிட்டு சைட்டை மட்டும் சின்ன சர்வரில் வையுங்கள். எஸ்3 மாதிரி சேவை இப்போது நிறைய இருக்கிறது, எவ்வளவு வைக்கிறோமோ அவ்வளவுக்குத்தான் காசு, டிஸ்க் நிரம்பியது, மவுண்ட் கழன்றது என்ற தொல்லையே இல்லை. சர்வர் பராமரிப்பு என்பது தினமும் யாராவது பார்க்க வேண்டிய வேலை. உங்களுக்கு வில்லுப்பாட்டைப் பார்க்கத்தான் நேரம் வேண்டும்.


குழித்துறை_ஆற்றோரம் எழுதியது:

அது தப்பான யோசனை இல்லை, வைத்திருக்கிற அளவுக்கு மட்டுமல்ல, பல சேவைகளில் வெளியே இறங்குகிற டேட்டாவுக்கும் தனியாகக் காசு என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனால் இப்போது முதல் வேலை 42 ஜிபியைக் கண்டுபிடிப்பது. என்ன இருக்கிறது என்று தெரியாமல் இடம் மாற்றினால் விட்டுப்போவது எது என்றே தெரியாது.


வேளிமலை_அடிவாரம் எழுதியது:

அண்ணே, மிக்க நன்றி. விடைகள் இதோ. ஐநோடு 11 சதவீதம்தான். ஜர்னல் 1.1 ஜிபி. எல்எஸ்ஓஎஃப்பில் ஒன்று மாட்டியது: பதிவை எம்பி3 ஆக மாற்றுகிற பைதான் நிரலின் லாக், 6 ஜிபி, பக்கத்தில் டெலிட்டட் என்று இருந்தது. முன்பு இடம் இல்லாதபோது யாரோ அந்த லாக்கை ஆர்எம் செய்திருக்க வேண்டும். அந்த நிரலை ரீஸ்டார்ட் செய்ததும் 6 ஜிபி அப்படியே திரும்பி வந்துவிட்டது. ஆனால் இன்னும் 36 ஜிபி கணக்கில் வரவில்லை.

ரீபூட் பற்றிக் கேட்டீர்களே, ஆமாம். சில மாதங்களுக்கு முன் பராமரிப்பு என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அவர்களே சர்வரை ஒரு நாள் இரவு ரீபூட் செய்தார்கள். அதற்கப்புறம் பழைய பதிவுகள் ஒன்றும் ஓடவில்லை என்று ஆட்கள் சொன்னார்கள். எங்களுக்கு உடனே தெரியவில்லை, ஏனென்றால் புதிதாக ஏற்றிய பதிவுகள் நன்றாக ஓடின. சித்திரை மாதக் கொடைகள் முடிந்து ஆட்கள் நிறைய கேசட் கொண்டு வந்த நேரம் அது. பிறகு மாணவரைப் போனில் பிடித்து, அவர் சொன்ன மவுண்ட் கமாண்டை அடித்ததும் பழையவை எல்லாம் வந்துவிட்டன. அதோடு விட்டுவிட்டோம்.


முட்டம்_லைட்ஹவுஸ் எழுதியது:

உங்கள் இரண்டு பிரச்சினையும் ஒன்றுதான். ஒலி ஓடாத பதிவுகளும் காணாமல் போன 36 ஜிபியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தயவுசெய்து முழுசாகப் படித்த பிறகு கமாண்டில் கை வையுங்கள்.

நடந்தது இப்படி இருக்க வேண்டும். ரீபூட் ஆனபோது வால்யூம் மவுண்ட் ஆகவில்லை. /எஸ்ஆர்வி/ஒலி என்பது அப்போது ரூட் டிஸ்கில் இருக்கும் வெறும் காலி ஃபோல்டர். உங்கள் நிரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ஃபோல்டர் இருக்கிறது, எழுத முடிகிறது, அவ்வளவுதான். நீங்கள் ஏற்றிய புதிய பதிவுகள் எல்லாம் ரூட் டிஸ்கில் போய் விழுந்தன. பிறகு மாணவர் சொன்னபடி வால்யூமை அதே ஃபோல்டரின் மேல் மவுண்ட் செய்தீர்கள். வால்யூமில் இருந்த பழைய கோப்புகள் மேலே வந்தன, இடைப்பட்ட நாட்களில் விழுந்தவை அடியில் மறைந்துவிட்டன. அழியவில்லை, மறைந்திருக்கின்றன. டேட்டாபேஸில் அவற்றின் விவரம் இருக்கிறது, அதனால் பக்கம் திறக்கிறது, கோப்பு கண்ணில் படவில்லை, அதனால் ஒலி ஓடவில்லை.

வால்யூமைக் கழற்றாமலே அடியில் பார்க்கலாம். எம்கேடிஐஆர் கொடுத்து /எம்என்டி/அடி என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி/அடி. பைண்ட் மவுண்ட் ரூட் டிஸ்கை மட்டும் இன்னொரு இடத்தில் காட்டும், அதன் மேல் ஏறியிருக்கும் வால்யூம்களைக் கூட்டிக்கொண்டு வராது. அதற்குத்தான் பைண்ட், ஆர்பைண்ட் கொடுத்துவிடாதீர்கள், அது எல்லாவற்றையும் கூட்டி வந்துவிடும். இப்போது டியூ -எஸ்எச் /எம்என்டி/அடி/எஸ்ஆர்வி/ஒலி அடியுங்கள். 36-க்குப் பக்கத்தில் வந்தால் நான் சொன்னது சரி.

இதற்கு மேல் நிதானம் வேண்டும். இடம் வேண்டும் என்று அதை அழித்துவிடாதீர்கள். கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றீர்கள். அந்த 36 ஜிபியில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பாட்டு இருக்கலாம். வாடகைக் கம்பெனியின் பேனலில் போய் ரூட் டிஸ்கையும் வால்யூமையும் தனித்தனியே ஸ்னாப்ஷாட் (இப்போது இருக்கும் நிலையின் முழு நகல்) எடுங்கள். பல இடங்களில் சர்வர் ஸ்னாப்ஷாட் ரூட் டிஸ்கை மட்டும் எடுக்கும், தனி வால்யூமைத் தொடாது, இரண்டும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பிறகு ஆர்சிங்க்கை (கோப்புகளை ஒப்பிட்டு நகலெடுக்கும் கருவி) ஒத்திகையாக ஓட்டுங்கள்: ஆர்சிங்க் -ஏஎன்ஐ --செக்சம், அடியிலிருக்கும் ஃபோல்டர் முதலில், வால்யூம் ஃபோல்டர் அடுத்து, இரண்டின் முடிவிலும் சாய்கோடு. அதில் -என் இருப்பதால் எதையும் நகலெடுக்காது, என்ன செய்வேன் என்று மட்டும் சொல்லும். பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துப் பாருங்கள். திருப்தியானதும் -என் என்பதை எடுத்துவிட்டு --இக்னோர்-எக்ஸிஸ்டிங் சேர்த்து ஓட்டுங்கள், வால்யூமில் அதே பெயரில் ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதாது. --டிலீட் என்ற சொல் பக்கத்திலேயே வரக்கூடாது.

வால்யூமில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் 5 சதவீதம் ஒதுக்கியிருக்கும், 200 ஜிபியில் அது 10 ஜிபி. ரூட் டிஸ்கில் அந்த ஒதுக்கீடு வேண்டும், வெறும் ஒலிக்கோப்பு வைக்கிற வால்யூமில் அவ்வளவு தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் -எம் 1 கொடுத்தால் 8 ஜிபி கைக்கு வரும், மவுண்டைக் கழற்றாமலே செய்யலாம்.

இது மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தப் படி முடிந்ததும் எழுதுகிறேன். எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் /ஈடிசி/எஃப்எஸ்டாப் கோப்பில் அந்த வால்யூமுக்கான வரி என்ன என்று மட்டும் போடுங்கள்.


வேளிமலை_அடிவாரம் எழுதியது:

அண்ணே, 35.8 ஜிபி. அத்தனையும் அடியில் இருக்கிறது. ஃபோல்டரைத் திறந்து பெயர்களைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. சுசீந்திரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று தந்த இசக்கியம்மன் கொடைப் பதிவு அதில் இருக்கிறது. பாடிய புலவரும் இல்லை, குடம் அடித்தவரும் இல்லை. கேசட்டே பூஞ்சை பிடித்து ஒருமுறை ஓடியதே பெரிது என்ற நிலையில் இருந்தது. போய்விட்டது, வேறு வழியில்லை என்று அந்தக் குடும்பத்தாரிடம் சொல்ல நினைத்திருந்தோம்.

ஸ்னாப்ஷாட் இரண்டும் எடுத்தாயிற்று. ஒத்திகைப் பட்டியலில் ஒரு விசித்திரம். வால்யூமில் நிச்சயமாக இருக்கும் சில கோப்புகளையும் இல்லை என்று காட்டுகிறது. இரண்டு ஃபோல்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். "கொடை" என்ற சொல் உள்ள கோப்புகளில்தான் அதிகம். இது என்ன?

எஃப்எஸ்டாப் வரி: /டெவ்/எஸ்டிபி /எஸ்ஆர்வி/ஒலி ஈஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2


முட்டம்_லைட்ஹவுஸ் எழுதியது:

அந்தக் குடும்பத்துக்கு இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள்.

"கொடை" விஷயம் தமிழில் பெயர் வைக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. யூனிகோடில் கொ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ொ என்ற ஒரே குறி, அல்லது க-வோடு ெ, அப்புறம் ா என்று இரண்டு குறி. திரையில் ஒன்று போலவே தெரியும், உள்ளே பைட்டுகள் வேறு. ோ, ௌ இரண்டுக்கும் இதே கதைதான். ஈஎக்ஸ்டி4-க்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, அதனால் அவை இரண்டு தனிக் கோப்புகள். உங்களில் யாராவது பழைய மேக் கணினியிலிருந்து ஏற்றுகிறார்களா? மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களை எப்போதும் பிரித்துத்தான் வைக்கும், அங்கிருந்து வந்த கோப்புகள் பிரிந்த வடிவத்தில் வந்திருக்கும்.

ஆகவே பெயரை நம்ப வேண்டாம். இரண்டு பக்கமும், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிடும் எஸ்எச்ஏ256சம் ஓட்டி, வந்த எண்களை ஒப்பிடுங்கள். உள்ளடக்கம் ஒன்றானால் எண் ஒன்று. எந்த எண் வால்யூமில் இல்லையோ அந்தக் கோப்பை மட்டும் கொண்டு போனால் போதும். எல்லாம் முடிந்த பிறகு கான்வ்எம்வி என்ற கருவியை --என்எஃப்சி கொடுத்து ஓட்டினால் பெயர்கள் எல்லாம் சேர்ந்த வடிவத்துக்கு வரும், அதுவும் முதலில் ஒத்திகைதான் காட்டும், --நோடெஸ்ட் கொடுத்தால்தான் மாற்றும். ஆனால் டேட்டாபேஸில் பழைய வடிவத்தில் பெயர் இருந்தால் அதையும் கூடவே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு கூட்டம் பதிவுகள் ஓடாமல் போகும். அதற்காக அவசரப்பட வேண்டாம்.

இனி எஃப்எஸ்டாப். கோளாறு அந்த வரியிலேயே இருக்கிறது. /டெவ்/எஸ்டிபி என்பது நிரந்தரப் பெயர் இல்லை. கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) எந்த டிஸ்கை முதலில் கண்டதோ அந்த வரிசையில் பெயர் வைக்கும். பராமரிப்புக்கு அப்புறம் உங்கள் வால்யூம் வேறு பெயரில் வந்திருக்கும். நோஃபெயில் (டிஸ்க் வராவிட்டாலும் நிற்காதே என்ற கட்டளை) இருந்ததால் சர்வர் சத்தம் போடாமல் எழுந்துவிட்டது. நோஃபெயில் இல்லாமல் இருந்தால் அவசர நிலையில் போய் நின்றிருக்கும், யாரும் உள்ளே போக முடியாது, ஆனால் பதிவும் தப்பான இடத்தில் விழுந்திருக்காது. தூரத்து சர்வருக்கு நோஃபெயில் வேண்டும் என்பதே என் எண்ணம், எஸ்எஸ்எச் வழியாவது திறந்திருக்க வேண்டும். அதோடு வேறு காவல் சேர்க்க வேண்டும்.

பிஎல்கேஐடி அடித்தால் வால்யூமின் யூயூஐடி வரும். வரியின் தொடக்கத்தில் /டெவ்/எஸ்டிபி இருக்கும் இடத்தில் யூயூஐடி= என்று எழுதி அந்த எண்ணைப் போடுங்கள். அது கோப்பு முறைமைக்கு உள்ளேயே எழுதியிருக்கும் எண், எந்த வரிசையில் வந்தாலும் மாறாது. சேமித்த பிறகு ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை அடித்து வரி சரியா என்று பார்த்து, சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கொடுங்கள். ரீபூட் செய்து சோதிப்பதை ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், நீங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்யுங்கள்.

அடுத்தது மிக முக்கியம். அடியில் இருப்பவை எல்லாம் வால்யூமுக்கு வந்து, சரிபார்த்து, அடி ஃபோல்டர் காலியானதும், சிஎச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/அடி/எஸ்ஆர்வி/ஒலி என்று அடியுங்கள். அந்தக் காலி ஃபோல்டர் அதற்குப் பிறகு யாராலும் எழுத முடியாததாகிவிடும், ரூட்டாலும் முடியாது. ஆனால் அதன் மேல் வால்யூமை மவுண்ட் செய்யத் தடையில்லை. நாளைக்கு வால்யூம் வராமல் போனால் உங்கள் நிரல் எழுதப் பார்த்து உடனே பிழை சொல்லும், அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிடும். இந்த ஒரு வரி முதலிலேயே இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நிரலை சிஸ்டம்டி சேவையாக (சர்வரே தொடங்கி வைக்கும் வகையில்) ஓட்டுகிறீர்கள் என்றால் யூனிட் பகுதியில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/எஸ்ஆர்வி/ஒலி சேருங்கள், மவுண்ட் இல்லாமல் நிரல் தொடங்காது. பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வரியில் மவுண்ட்பாயிண்ட் -க்யூ என்று கேட்டு, இல்லையென்றால் வெளியேறச் செய்யுங்கள். வேலை முடிந்ததும் /எம்என்டி/அடியை யூமவுண்ட் செய்ய மறக்க வேண்டாம்.


தோவாளைப்_பூக்கட்டு எழுதியது:

ஒலிப்பதிவு வேலையில் இருப்பதால் இதைச் சேர்க்கிறேன். நீங்கள் எந்த வடிவத்தில் ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இனி எவ்வளவு இடம் வேண்டும் என்பது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.04 ஜிபி. 60 நிமிட கேசட் ஒன்றுக்கு அவ்வளவு. இதை ஃப்ளாக் என்ற சுருக்க வடிவமாக ஆக்கினால் பாதிக்குப் பக்கத்தில் வரும், ஒரு துளி ஒலியும் குறையாது, திரும்ப வேவ் ஆக்கினால் அதே ஒலி அப்படியே வரும். கேசட் இரைச்சல் அதிகம் இருந்தால் அவ்வளவு சுருங்காது, ஆனாலும் லாபம்தான். ஆகவே 200 ஜிபியைக் கூட்டும் முன் மூலங்களை ஃப்ளாக்குக்கு மாற்றுங்கள். சைட்டில் கேட்பதற்கு ஓபஸ் என்ற சிறிய வடிவம் 64 கிலோபிட்டில் போதும், மணிக்கு 29 எம்பி. மலையோரத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வருகிற இடத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கும் அது ஓடும்.

கோப்புப் பெயரில் கதை, புலவர், ஊர், ஆண்டு எல்லாம் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஈஎக்ஸ்டி4-இல் பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட், உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனியாக எண்ணப்படும். 85 குறிதான் ஆகிறது, நீளமான பெயர் சீக்கிரம் முட்டும். பெயரைச் சின்னதாக வைத்துவிட்டு விவரத்தை டேட்டாபேஸிலும், ஃப்ளாக்கின் உள்ளே இருக்கும் டேக்குகளிலும் எழுதுங்கள். டேட்டாபேஸ் போனாலும் கோப்பே தன் கதையைச் சொல்லும்.

அப்புறம் பேக்கப். ஸ்னாப்ஷாட் அவசரத்துக்கு நல்லது, ஆனால் அது அதே கம்பெனியின் அதே கணக்கில் இருக்கிறது. வாடகை கட்டும் கார்டு காலாவதியாகிக் கணக்கு முடங்கினால் சர்வரும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும். வேறு கம்பெனியின் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரலை வைத்து ஒரு நகல் அனுப்புங்கள், குறியாக்கம் செய்துதான் அனுப்பும், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். திங்கள்சந்தை அண்ணன் சொன்ன யோசனை இந்த இடத்தில் ரொம்பப் பொருந்தும். ரெஸ்டிக்கின் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி இரண்டு பேர் வீட்டில் வையுங்கள், அது தொலைந்தால் பேக்கப்பைத் திறக்க வழியே கிடையாது.

மூன்றாவது நகல் ஊரில் ஒரு வெளி ஹார்ட்டிஸ்கில் இருக்கட்டும், ஆனால் ஊர் நகலை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும், மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஈரம் டிஸ்குக்கு ஆகாது. அதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, அவ்வப்போது எடுத்துச் செருகிப் படித்துப் பாருங்கள்.


குழித்துறை_ஆற்றோரம் எழுதியது:

ரொம்ப நல்ல விளக்கங்கள். மிச்சமிருக்கிற சில்லறை வேலைகளைச் சொல்லிவிடுகிறேன்.

எதிர்காலத்தில் வால்யூமைக் கூட்ட வேண்டி வந்தால், பேனலில் அளவைக் கூட்டிய பிறகு சர்வரில் ரீசைஸ்2எஃப்எஸ் கொடுத்தால் போதும், உங்கள் வரியைப் பார்த்தால் பார்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பாகம்) இல்லாமல் டிஸ்க் முழுவதும் ஈஎக்ஸ்டி4 என்று தெரிகிறது. பார்டிஷன் இருந்தால்தான் முதலில் குரோபார்ட் கொடுத்து அதைப் பெரிதாக்க வேண்டும். இரண்டாவது வால்யூம் வாங்கி எல்விஎம்மில் சேர்த்து ஒன்றாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உங்களுக்கு வேண்டாம். இரண்டில் ஒன்று போனாலும் மொத்தமும் போகும் அமைப்பு அது, ஒரே வால்யூமைப் பெரிதாக்குவதே பாதுகாப்பு.

ஜர்னலுக்கு 1 ஜிபி தேவையில்லை, ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=300எம் கொடுத்துவிட்டு, ஜர்னல்டி அமைப்பில் சிஸ்டம்மேக்ஸ்யூஸ் 300எம் என்று எழுதுங்கள். அந்தப் பைதான் நிரலின் லாக்குக்கு, அது பெருகாமல் பார்த்துக்கொள்ளும் லாக்ரொட்டேட் போடுங்கள், காப்பிட்ரங்கேட் சேர்த்து. இனி அவசரத்துக்கு லாக்கைக் காலி செய்ய வேண்டுமானால் ஆர்எம் வேண்டாம், ட்ரங்கேட் -எஸ் 0 கொடுத்தால் இடம் உடனே வரும்.

/ஹோம் உள்ளே ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பைத் திறந்து யாருடைய எஸ்எஸ்எச் சாவி (உள்ளே நுழைய விடும் அடையாளம்) எல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். மாணவரின் சாவி இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டு எடுத்துவிடுங்கள், அவர் மேல் சந்தேகம் என்பதற்காக இல்லை, அவருடைய பழைய லேப்டாப் இப்போது யார் கையில் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். வட்டத்தில் குறைந்தது இரண்டு பேருடைய சாவி இருக்க வேண்டும். உபுண்டு 22.04-க்கு வழக்கமான ஆதரவு 2027 வரைதான், அதற்குள் 24.04-க்குப் போகிற வேலையையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.


வேளிமலை_அடிவாரம் எழுதியது:

எல்லாம் முடிந்தது. எஸ்எச்ஏ எண்களை ஒப்பிட்டதில் அடியில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் வால்யூமில் இல்லாதவை, மற்றவை யாரோ இரண்டாம் முறை ஏற்றியவை. நகலெடுத்து, திரும்ப எண் சரிபார்த்து, அடி ஃபோல்டரைக் காலி செய்து, +ஐ போட்டாயிற்று. யூயூஐடி மாற்றி நேற்று இரவு ரீபூட் செய்தோம், வால்யூம் தானாக வந்தது. ரூட் டிஸ்க் இப்போது 42 சதவீதம். பிளான் மாற்றவில்லை, மிச்சமான காசில் இன்னொரு கம்பெனியில் பேக்கப்புக்கு இடம் எடுத்திருக்கிறோம், ரெஸ்டிக் முதல் நகல் ஓடிக்கொண்டிருக்கிறது.

சுசீந்திரம் வீட்டில் போனிலேயே ஓட்டிக் காட்டினோம். வில்லின் மணிச் சத்தம் வந்ததுமே அந்த அம்மா, "இது எங்க அப்பா குரலுக்கு முந்தி வருகிற அடி" என்று சொல்லிவிட்டார். புலவர் வாய் திறக்கும் முன்பே.

கடைசியாக ஒரு சந்தேகம் தோவாளைக்காரரிடம். வேவை ஃப்ளாக் ஆக்கியபின் வேவை அழிக்கலாமா? ஆக்கியது சரியாக வந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?


தோவாளைப்_பூக்கட்டு எழுதியது:

மாற்றும்போதே --வெரிஃபை கொடுங்கள், எழுத எழுதத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடும். அதோடு ஒவ்வொரு ஃப்ளாக்கின் தலைப்பகுதியிலும் மூல ஒலியின் எம்டி5 எண் (எஸ்எச்ஏ போன்ற சரிபார்ப்பு எண்) பதிந்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் ஃப்ளாக் -டி கொடுத்தால் முழுவதையும் விரித்துப் பார்த்து அந்த எண்ணோடு சரிபார்க்கும். ஊரில் வைத்திருக்கும் ஹார்ட்டிஸ்கை எடுக்கும்போதெல்லாம் இதையே ஓட்டுங்கள். வேவை மட்டும், ரெஸ்டிக் நகல் முழுசாக முடிந்து, அதிலிருந்து ஒரு பதிவையாவது வேறு கணினியில் மீட்டு ஓட்டிக் கேட்ட பிறகு அழியுங்கள். முதலில் மீட்டுப் பார்க்க அந்த இசக்கியம்மன் கொடைப் பதிவையே எடுங்கள்.